பேதி மருந்து குடித்த லாரி

பாலக்கரையில் கியாசுதீன் ராவுத்தர் வீடு எது என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டமாட்டார்கள். "அந்தப் பச்சை லாரி நிக்குதே, அதுக்குப் பின்னாடி ஒரு வீடு இருக்கும் பாருங்க" என்பார்கள். லாரி அவ்வளவு பெரிது, வீடு அவ்வளவு சிறிது.

அது யுத்தத்துக்கு வந்த லாரி. கியாசுதீனும் யுத்தத்துக்குப் போனவர்தான். அசாம் பக்கம் மூன்று வருஷம் இராணுவ லாரி ஓட்டினார். ஊர் திரும்பிய பிறகு ஐந்து வருஷம் பிறர் வண்டிகளைக் கூலிக்கு ஓட்டினார். ஒருநாள் ஒரு முதலாளி, நடுரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து, "இறங்குய்யா, வேற ஆள் வந்துட்டான்" என்றார். அன்றைக்குச் சமயபுரத்திலிருந்து திருச்சி வரைக்கும் நடந்தே வந்தார். காலையில் அவர் மனைவி கமர் ஜஹான் தன் வளையல்களைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

அந்த வளையல்கள்தான் 1951இல் சர்க்கார் ஏலத்தில் லாரியாக மாறின. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று கியாசுதீன் கதவைத் திறந்து இறங்கினார், மூடினார், மறுபடியும் திறந்து ஏறி உட்கார்ந்தார். "என்னங்க விளையாட்டு?" என்று கமர் ஜஹான் சிரித்தாள். "இனிமே இந்தக் கதவை வேற யாரும் திறந்து என்னை இறங்குன்னு சொல்ல முடியாதுல்ல?" என்றார் அவர்.

ஜீயபுரம் நல்லதம்பி பெரிய வாழைக்காரர். காவிரிக் கரையோரம் தோட்டம் தோட்டமாக வாழை. அங்கே விடிவதற்குள் தார்களை ஏற்றிக்கொண்டு திருச்சி காந்தி மார்க்கெட்டில் ஏலம் தொடங்குவதற்குள் சேர்க்க வேண்டும். ஏழு வருஷம் அந்த லோடு கியாசுதீனிடம்தான் இருந்தது. வீட்டில் எரிந்த அடுப்பு, பிள்ளைகள் போட்ட சட்டை, எல்லாம் அந்த ஒரு லோடு.

ஆனால் லாரிக்கு வயதாகிவிட்டது. முதலில் லேசாகப் புகைந்தது. பிறகு நீல நிறத்தில் புகைந்தது. "ராவுத்தரே, வண்டிக்குப் பின்னால சாம்பிராணி போட்டுக்கிட்டுப் போறீங்களா?" என்று சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ்காரர்கள் கேலி செய்தார்கள். எஞ்சினுக்குள்ளே ஏதோ கொல்லுப்பட்டறை போல டக் டக் என்று சத்தம். குடமுருட்டிப் பாலத்துக்கு ஏறுகிற மேட்டில் லோடோடு வந்தால் இருமி இருமி நின்றுவிடும்.

கியாசுதீன் அந்த எஞ்சினுக்குக் கெடுதல் செய்ததில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எண்ணெய் குறைந்தால் ஊற்றுவது, மறுபடி குறைந்தால் மறுபடி ஊற்றுவது. எண்ணெய் தேங்குகிற அடித்தொட்டியைக் கழற்றி உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று ஏழு வருஷத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிப்பது என்பது அவர் கட்சி.

1958 கார்த்திகை மாதம் ஒருநாள் நல்லதம்பி தோட்டத்து வாசலிலேயே அவரை நிறுத்தினார்.

"ராவுத்தரே, வருத்தப்படாதீங்க. போன வாரம் ரெண்டு நாள் நம்ம தார் போய்ச் சேரையில ஏலம் முடிஞ்சுபோச்சு. குளித்தலைக்காரர் ஒருத்தர் புது டீசல் லாரி வாங்கியிருக்காரு. லோடு குடுங்க, லோடு குடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

"ஏழு வருஷமா ஓட்டுறேங்க."

"அதனாலதான் வாசல்ல நிறுத்திச் சொல்றேன். இல்லேன்னா ஆள்விட்டுச் சொல்லியிருப்பேன். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் சௌரிராஜன் சாமிக்கு இலை போகணும். அது ஒழுங்காப் போய்ச் சேரட்டும். மத்ததை அதுக்கப்புறம் பேசிக்குவோம்."

சௌரிராஜன் பொன்மலை ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. உத்திர வீதியில் வீடு. வெளியூரிலிருந்து வருகிற யாத்திரிகர்களுக்குத் துவாதசியன்று காலையில் சாப்பாடு போடும் கைங்கரியத்தை அவர்தான் நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு நடத்திவந்தார். ஏகாதசி முழுநாளும் பட்டினி கிடந்த ஜனங்கள் மறுநாள் விடிந்ததும் குறித்த நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். இலை வராவிட்டால் சாப்பாடு எவ்வளவு இருந்தும் பிரயோஜனமில்லை. இரண்டாயிரம் இலை ஏகாதசி சாயங்காலத்துக்குள் வந்து சேர வேண்டும்.

அந்தக் கவலையோடு ஏகாதசிக்கு முதல் நாள் கியாசுதீன் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தபோதுதான் மதராஸ்காரர் ஒருவர் அகப்பட்டார். வெள்ளைக் கால்சட்டை, கையில் தோல் பெட்டி. எஞ்சினைச் சுத்தம் செய்கிற மருந்து என்று சின்னச் சின்ன டின்களை அடுக்கி வைத்திருந்தார். கரிபிடித்த கரண்டி ஒன்றை அந்த மருந்தில் நனைத்துத் துடைத்தார். கரண்டி பளபளவென்று வந்தது. பங்கில் இருந்தவர்கள் எல்லாரும் "அட!" என்றார்கள்.

கியாசுதீன் இரண்டு டின் வாங்கினார். மதராஸ்காரர் இங்கிலீஷில் அச்சடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்து, "போடுறதுக்கு முன்னால இதைப் படிச்சுப் பார்த்துடுங்க சார்" என்றார். யாரும் கியாசுதீனை அதுவரை சார் என்று கூப்பிட்டதில்லை. அத்தனை பேர் முன்னால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்ல நாக்கு வரவில்லை. படித்தவர் மாதிரித் தலையாட்டிக் காகிதத்தை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டார்.

"என்னங்க இது, இந்த நாத்தம் நாறுது?" என்றாள் கமர் ஜஹான்.

"எஞ்சினுக்குப் பேதி மருந்து. ஏழு வருஷ அழுக்கும் ஒரே நாள்ல வெளியே வந்துடும். நாளைக்குக் காலையில குடுத்துட்டு லோடுக்குப் போறேன்."

"குடுத்த அன்னிக்கேவா? நம்ம புள்ளைங்களுக்கு விளக்கெண்ணெய் குடுத்தா அன்னிக்கு ஸ்கூலுக்கா அனுப்புறோம்? ரசஞ்சோறு போட்டு வீட்டோட படுக்கவைக்கிறோமில்ல?"

"இரும்புக்கு ஏது வயிறு?"

"வயிறு இல்லாததுக்கு எதுக்குங்க பேதி?"

கியாசுதீன் சிரித்துக்கொண்டே டின்களை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் போனார்.

மறுநாள் வைகுண்ட ஏகாதசி. விடியற்கால சுபுஹு தொழுகை முடிந்து வந்து மருந்தை ஊற்றினார். ஒரு டின் போதுமா என்ற சந்தேகம் வந்தது. சின்னப் பிள்ளைக்குச் சின்னக் கரண்டி, பெரிய பிள்ளைக்குப் பெரிய கரண்டி. இதுவோ கிழட்டு லாரி. இரண்டாவது டின்னையும் கவிழ்த்தார். கால்மணி நேரம் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, தொட்டிக்கு அடியில் இருந்த திருகாணியைத் திறந்தார். தார் மாதிரி கறுப்பாக எண்ணெய் இறங்கியது. பார்க்கவே அவருக்குத் தன் வயிறே லேசானது போலிருந்தது. புது எண்ணெய் ஊற்றிப் புறப்பட்டார்.

என்ன ஓட்டம்! கொல்லுப்பட்டறைச் சத்தம் போன இடம் தெரியவில்லை. வெற்று வண்டி காவிரிக் கரை ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. மதராஸ்காரர் நீடூழி வாழ வேண்டும் என்று மனசார துவா செய்தார்.

ஜீயபுரத்தில் மத்தியானத்துக்குள் இலைக்கட்டுகளை ஏற்றி முடித்தார்கள். இலை அறுக்கிற பெண்களுக்குத் தலைவி ராக்கம்மாள். நாற்பது வயது, வெற்றிலை போடாத நேரம் கிடையாது, பேச்சில் அவளை யாரும் ஜெயித்தது கிடையாது. இலைகளை இறக்கி எண்ணி ஒப்படைக்க அவளும் இன்னும் இரண்டு பெண்களும் எப்போதும்போல லோடு மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

முத்தரசநல்லூர் தாண்டவில்லை. எஞ்சின் சத்தம் லேசாக மாறியது. கியாசுதீன் கண் தானாக வண்டியின் முகப்புப் பலகைக்குப் போனது. அங்கே எண்ணெய் ஓட்டத்தைக் காட்டும் முள் ஒன்று உண்டு. எப்போதும் நடுவில் நிற்கிற முள், காற்றுப்போன பலூன் மாதிரி கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

எஞ்சினை உடனே அணைத்தார். லாரி தானாக உருண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றது.

இராணுவத்தில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது நூறு விஷயம் இருக்கும். அதில் மறக்காதது ஒன்று. முள் விழுந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் ஏறவில்லை என்று அர்த்தம். அதற்குமேல் ஓட்டினால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த எஞ்சின் எடைக்குப் போடத்தான் உதவும். கூட ஓட்டிய ஒரு பஞ்சாபிக்காரருக்கு மலைப்பாதையில் அப்படி ஆனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

பத்து நிமிஷம் பொறுத்து ஒருமுறை ஸ்டார்ட் செய்தார். முள் எழுந்தது, தயங்கியது, மறுபடி விழுந்தது. அணைத்தார்.

ஸ்ரீரங்கம் இன்னும் எட்டு மைல். ஓட்டினால் ஒருவேளை போய்ச் சேரலாம், ஒருவேளை லாரியே இல்லாமல் போகலாம். ஓட்டாவிட்டால் இலை போகாது. இலை போகாவிட்டால் நாளைக்கு லோடு இல்லை. லோடு இல்லாத லாரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்தப் பக்கம் போனாலும் பழையபடி இன்னொருத்தர் வண்டியில், இன்னொருத்தர் கதவைத் திறந்து இறங்கு என்று சொல்கிற இடத்தில்தான் வந்து நிற்கிறது. அவர் ஸ்டீயரிங் சக்கரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

மேலேயிருந்து குரல் வந்தது. "என்ன ராவுத்தரே, தொழுகை நேரமா? வண்டி நின்னுபோச்சே!"

"முள் விழுந்துடுச்சு ராக்கம்மா. இனிமே ஓட்டுனா எஞ்சின் போயிடும்."

ராக்கம்மாள் இறங்கி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டாள். "எட்டு மைலுங்கிறது ரோட்டு வழிதானே? அதுவும் இன்னிக்கிருக்கிற கூட்டத்துல காவிரிப் பாலத்துல எறும்புகூட நகராது. அந்தா தெரியுது பாருங்க அக்கரை. அதான் மேலூரு. மேலூர்லேர்ந்து ஸ்ரீரங்கம் கூப்பிடு தூரம். எங்க அக்கா பவுனம்மா அங்கதான் வாக்கப்பட்டிருக்கா. அவ வீட்டுல ரெண்டு மாட்டு வண்டி இருக்கு."

கியாசுதீன் திரும்பிப் பார்த்தார். ஏழு வருஷமாக அந்த ஆற்றோரமாகவே லாரி ஓட்டியவர். ஆற்றைக் குறுக்கே கடக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. லாரி ஓட்டுகிறவருக்கு வழி என்றால் ரோடுதான்.

துறையில் மூன்று பரிசல்கள் கிடந்தன. பரிசல்காரர் ஒருவர் இலைக்கட்டுகளை ஏற இறங்கப் பார்த்தார். "இம்புட்டையும் ஏத்துனா பரிசல் தாங்குமா?"

"போன மாசம் ஒங்க மாமியாளை ஏத்திக்கிட்டுப் போனீங்களே, அப்பத் தாங்குச்சுல்ல?" என்றாள் ராக்கம்மாள்.

துறையே சிரித்தது. பரிசல்காரரும் சிரித்துவிட்டார். அதற்குமேல் அவர் மறுப்பு சொல்லவில்லை.

ரோட்டிலிருந்து துறைக்குக் கட்டுகளைச் சுமந்தார்கள். கியாசுதீனும் தலைப்பாகையைச் சும்மாடாக்கிக்கொண்டு சுமந்தார். வழியில் போன இரண்டு பேர் கேட்காமலே கைகொடுத்தார்கள். நாலு நடையில் எல்லா இலையும் அக்கரை சேர்ந்தது. கூட வந்த இரண்டு பெண்கள் லாரிக்குக் காவலாக உட்கார்ந்தார்கள். பவுனம்மாள் வீட்டு மாட்டு வண்டிகள் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் நுழைந்தபோது வெயில் இன்னும் மதில்மேல் இருந்தது.

பட்டினியோடு வாசலில் நின்றிருந்த சௌரிராஜன் மாட்டு வண்டிகளைப் பார்த்து விழித்தார். "என்ன ஓய் ராவுத்தரே, லாரி எப்போ கன்னுக்குட்டி போட்டது?"

கியாசுதீன் ஒன்றையும் மறைக்கவில்லை. மருந்து, இரண்டு டின், விழுந்த முள், ஆறு, எல்லாம் சொன்னார். இங்கிலீஷ் காகிதத்தையும் சொன்னார். அதைச் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் கொண்டுவந்திருந்தார். சௌரிராஜன் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"பழைய எஞ்சின்களுக்குன்னு தனியாப் போட்டிருக்கான். ஒரு டின்னுக்கு மேல கூடாது. அழுக்கெல்லாம் இளகி அடியில் வந்து சேரும். அதனாலே அடித்தொட்டியைக் கழற்றி, உள்ளே இருக்கிற சல்லடையை அலம்பின பிறகுதான் பாரம் ஏத்தணுமாம்." கண்ணாடியைக் கழற்றினார். "ஓய், இது எங்க துவாதசி மாதிரின்னா இருக்கு! பட்டினி கிடந்த வயித்துக்கு முதல்லே அகத்திக்கீரை, நெல்லிக்காய். அப்புறந்தான் மத்ததெல்லாம். எடுத்த எடுப்பிலே லட்டுவைத் திணிச்சா என்னத்துக்கு ஆறது?"

"எங்களுக்கும் நோன்புக் கஞ்சின்னு ஒண்ணு இருக்குங்க சாமி. வீட்டுலயும் நேத்தே சொன்னா. எனக்குத்தான் மண்டையில ஏறலை."

"ஏறாட்டா என்ன? முள் விழுந்ததும் நிறுத்தினீரே, அந்தப் புத்தியை யார் கொடுத்தா? பெருமாள் கிருபை. உங்க பாஷையிலே என்ன சொல்லுவேளோ அதைச் சொல்லிக்கோங்கோ. இலை முன்கூட்டியே வந்துடுத்து, போங்கோ."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் கியாசுதீன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பாலக்கரை மெக்கானிக் தைரியராஜைக் கூட்டிக்கொண்டு புளியமரத்தடிக்கு வந்தார். காவலிருந்த பெண்கள் இரவு அக்கம்பக்கத்து வீட்டில் படுத்திருந்துவிட்டு விடிந்ததும் மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு நாலு நாள்தான் இருந்தது. தைரியராஜ் கையில் ஏகப்பட்ட வேலை. ஆனாலும் மறுபேச்சுப் பேசாமல் வந்தார். சாக்கை விரித்து அடியில் படுத்து, திருகாணிகளைக் கழற்றித் தொட்டியை இறக்கினார்.

"பாய், நான் வீட்டுல பண்டிகைக்குப் பலகாரத்துக்கு ஏற்பாடு பண்ணலைன்னு என் பெண்டாட்டி ரோசரி திட்டிக்கிட்டு இருக்கா. நீங்க ஏழு வருஷமா இங்கே அல்வா கிண்டி வச்சிருக்கீங்களே!"

உண்மையிலேயே அல்வா மாதிரிதான் இருந்தது. கறுப்பாக, தடியாக, விரலால் வழித்தால் வழிந்தது. மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. எஞ்சின் முழுக்க ஒட்டியிருந்ததை இளக்கிக் கீழே தள்ளியிருந்தது. அதெல்லாம் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையில் போய் அப்பிக்கொண்டு கண்ணை அடைத்துவிட்டது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் எஞ்சினுக்கு ஒரு சொட்டு ஏறவில்லை.

தைரியராஜ் பேரிங்குகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கியாசுதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வைத்தியர் நாடி பிடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற தகப்பனுக்கு அப்படித்தான் இருக்கும்.

"ஒண்ணும் ஆகலை பாய். இன்னும் ஒரு மைல் ஓட்டியிருந்தா, நான் வந்திருக்கவே வேண்டாம். மாடுதான் வந்து இழுத்துக்கிட்டுப் போயிருக்கணும்."

மண்ணெண்ணெயில் சல்லடையைக் கழுவினார்கள். தொட்டியைத் துடைத்தார்கள். புது எண்ணெய் ஊற்றினார்கள். கைப்பிடியைப் போட்டுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்தது. முள் எழுந்து நடுவில் போய் நின்றது. நிலைத்து நின்றது.

அப்போது சைக்கிளில் நல்லதம்பி வந்து இறங்கினார். "இலை பொழுது சாயுறதுக்கு முன்னாலயே வந்துடுச்சுன்னு சாமி சொல்லியனுப்பினாரு" என்றார்.

"அது என்னால இல்லீங்க. ராக்கம்மாதான் வழி சொன்னா."

"தெரியும். நீங்க சொல்ற வரைக்கும் அவ சும்மா இருப்பாளா? ஜீயபுரம் முழுக்கச் சொல்லியாச்சு." நல்லதம்பி எஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "நாளைக்கு லோடு ஏத்துவோம். நானும் கூட வரேன். குடமுருட்டி மேட்டுல நிக்காம ஏறுதான்னு பார்ப்போம்."

"நாளைக்கு வேண்டாங்க. நாளை மறுநாள் ஏத்துறேன். பேதிக்குக் கொடுத்த வண்டி. ஒருநாள் இருக்கட்டும்."

நல்லதம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சரி என்றார். அன்றைக்கு அவசரப்பட்டு 'நாளைக்கே ஏத்துறேன்' என்று சொல்லாததற்கே தனக்கு ராவுத்தர்மேல் நம்பிக்கை கூடியது என்று பிற்பாடு சொல்வார்.

வீட்டில் கமர் ஜஹான் "நான் சொன்னேனா இல்லையா" என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. தட்டில் ரசஞ்சோறு போட்டு வைத்துவிட்டு, "உங்க வண்டி கஞ்சி குடிச்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த லாரி அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஓடியது. புகை முழுவதும் நிற்கவில்லை. கிழவன் இருமல் கிழவனோடுதான் போகும். ஆனால் மேடு ஏறியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு டின் மருந்து, அடித்தொட்டி கழுவுதல், மறுநாள் ஓய்வு. அந்த மதராஸ்காரரைக் கியாசுதீன் மறுபடி பார்க்கவே இல்லை. ஆனாலும் தொழுகை முடிந்து கையேந்தும்போது, வளையல் கொடுத்தவளுக்கும் அல்வா அள்ளியவருக்கும் காகிதம் படித்தவருக்கும் பரிசல் தள்ளியவர்களுக்கும் பிறகு, காகிதம் கொடுத்தவருக்கும் நல்லது கேட்பார். புதிதாக ஒரு மருந்தோ கருவியோ வாங்கினால் அத்தனை பேர் நடுவிலும் "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க, படிச்சுச் சொல்லுங்க" என்று சத்தமாகக் கேட்கவும் பழகிக்கொண்டார்.

அன்றைக்கு லோடு ஏற்றுவதாகச் சொன்ன அந்த 'நாளை மறுநாள்' விடியலில், ஜீயபுரம் தோட்டத்தில் தார் ஏற்றி முடிந்தது. நல்லதம்பி முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். ராக்கம்மாள் வழக்கம்போல லோடுமேல் ஏறப் பின்பக்கம் போனாள். கியாசுதீன் இறங்கி, சுற்றி வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"இதுல ஏறு ராக்கம்மா. ஐயா, கொஞ்சம் நகந்துக்கங்க."

"நானா? நான் எதுக்கு ராவுத்தரே முன்னால?"

"மேட்டுல நான் ரோட்டைப் பார்க்கணும். நீ முள்ளைப் பாரு."

அவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். குடமுருட்டி மேடு வந்தது. லாரி கனத்து முனகியது. நல்லதம்பி சீட்டைப் பிடித்துக்கொண்டார். ராக்கம்மாள் கண்ணை எடுக்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்குது, ராவுத்தரே. அசையாம நிக்குது. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க."